பதினோராவது பாட்டு

அன்புள்ள அக்கா,

லிங்கின் பார்க் எனக்கு வெறும் ராக் இசைக்குழு இல்லை. பள்ளியில் யாரோடும் ஒட்டாமல் இருந்த 2 வருடங்களை அவர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். 2017இல் அதன் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் போனபோது வீட்டில் ஒருவர் போனது மாதிரி இருந்தது. இப்போது 7 வருடம் கழித்து, எமிலி ஆம்ஸ்ட்ராங்கைப் பாட வைத்து ‘ஃப்ரம் ஜீரோ’ என்று புது ஆல்பம் போட்டிருக்கிறார்கள். வெளியான 2024 நவம்பர் 15 அன்றிரவே 2 முறை கேட்டேன். பழைய சூத்திரத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அதுவும் 32 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 7 வருடக் காத்திருப்புக்கு இவ்வளவுதானா? குறைந்தபட்சம் பெயரையாவது மாற்றியிருக்கலாம். இதை நண்பர்களிடம் சொல்லப்போய் 3 நாள் சண்டை. ஒருவனோடு பேச்சே நின்றுவிட்டது.

ஆனால் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ‘தி எம்ப்டினஸ் மெஷின்’ மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று என்னையறியாமல் அதை முணுமுணுத்தேன், உடனே வெட்கமாகிவிட்டது. இந்த ஆல்பம் எனக்குப் பிடித்துப்போனால் அது செஸ்டருக்குச் செய்யும் துரோகமா?

ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த மாலையில் நானும் ‘ஃப்ரம் ஜீரோ’வைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்பதாவது தடவையாக. அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு எழுதுகிறேன். துரோகம், வெட்கம் என்று பெரிய சொற்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது ‘அன்றிரவே 2 முறை கேட்டேன்’ என்ற வரிதான்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 32 நிமிடம் போதாதென்கிறீர்கள். நீங்கள் உயிராக நினைக்கும் அவர்களுடைய முதல் ஆல்பம் ‘ஹைப்ரிட் தியரி’ முழுசாக 38 நிமிடம்கூட வராது. பெயரை மாற்றியிருக்கலாம் என்கிறீர்கள்; மைக் ஷினோடாவும் பிராட் டெல்சனும் ஜோ ஹானும் இளவயதிலிருந்து கட்டி எழுப்பிய குழு அது, வைத்துக்கொள்வதா விடுவதா என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை? பழைய சூத்திரம் என்கிறீர்கள். 2007இல் ‘மினிட்ஸ் டு மிட்நைட்’ வந்தபோது ராப் குறைந்துபோனது என்று முகம் சுளித்தவர்கள் நாம். 2010இல் ‘எ தவுசண்ட் சன்ஸ்’ வந்தபோது கிட்டார் எங்கே என்று கேட்டவர்கள் நாம். இப்போது ராப்பும் கிட்டாரும் அலறலும் சேர்ந்து திரும்பி வந்தால் அதையும் குற்றக் கணக்கில் எழுதுகிறோம். இதில் பேச வேறொன்றுமில்லை.

நண்பர் விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. 64 நிமிடம் கேட்டதற்கு 3 நாள் சண்டை! தனிமையைக் கடக்க இந்தக் குழுதான் துணை நின்றது என்று எழுதிய அதே கையால், இந்தக் குழுவின் பெயரைச் சொல்லி ஒரு நண்பனைத் தனியாக விட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள். யார் சொன்னது சரி என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம்.

துரோகம் பற்றிக் கேட்டீர்கள். செஸ்டரே இன்னொருவர் விட்ட இடத்துக்கு வந்தவர்தான், தம்பி. குழுவின் முதல் பெயர் ‘ஸீரோ’. அப்போது பாடியவர் மார்க் வேக்ஃபீல்டு. அவர் விலகிய பிறகு அரிசோனாவில் இருந்த செஸ்டருக்கு ஒரு டேப் போனது. 1999 மார்ச் 20, அவருடைய 23ஆவது பிறந்தநாள். விருந்தை விட்டுவிட்டுப் போய்ப் பாடிப் பதிவுசெய்தார். இந்தப் புது ஆல்பத்தின் தலைப்பே அந்தப் பழைய பெயரைத்தான் நினைவூட்டுகிறது. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார். பிரையன் ஜான்சன் பாடிய ‘பேக் இன் பிளாக்’ ஜூலை 25 அன்று வெளிவந்துவிட்டது. இடையில் 5 மாதம். துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு, முதல் பாட்டு மணியோசையோடு தொடங்கும். உலகத்தில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று. அதைக் கேட்டவர்கள் பான் ஸ்காட்டை மறந்துபோய்விடவில்லை. லிங்கின் பார்க் 7 வருடம் பொறுத்தார்கள். உங்கள் மனசில் ஓடுகிற பாட்டையே இன்னொரு முறை கவனியுங்கள். ஷினோடாதான் முதலில் பாடுகிறார். எமிலியின் குரல் அப்புறம்தான் வருகிறது, வாசலில் நின்று ‘வரலாமா’ என்று கேட்டுவிட்டு உள்ளே வருகிற மாதிரி. அதை முணுமுணுத்ததற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி அந்த 2 முறை.

‘ஹைப்ரிட் தியரி’ என்னிடம் கேசட்டாக வந்தது. கேசட்டும் வாக்மேனும் அண்ணனுடையவை. இரவு அவன் தூங்கிய பிறகுதான் என் கைக்கு வரும். காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் திட்டு விழும். ஃபார்வர்ட் பட்டனை அழுத்தினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அதைத் தொடவே பயப்படுவேன். அழுத்தினாலும் வேண்டிய இடத்தில் நிற்காது, தாண்டிப்போய் அடுத்த பாட்டின் நடுவில் விழும். திரும்பச் சுற்றினால் அதற்கும் பேட்டரி. ஆகவே பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வரிசையாக எல்லாவற்றையும் கேட்டே தீர வேண்டும்.

அதில் பதினோராவது பாட்டு எனக்கு ஆகாது. ‘க்யூர் ஃபார் தி இட்ச்’. செஸ்டரின் பாட்டு கிடையாது, ஷினோடாவின் ராப் கிடையாது. ஜோ ஹான் இசைத்தட்டைத் தேய்த்துக் கீறி எழுப்பும் ஒலிகளும் தாளமும் மட்டும், இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். எனக்கு வேண்டியதோ அதற்கு அடுத்த, கடைசிப் பாட்டு. செஸ்டரின் குரல் திரும்பி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் ஏதோ வேலையில் இருந்தேன். ‘அது பதினோராவது தானே?’ என்றான் அண்ணன். நான் வாயாலேயே அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரவில் வாக்மேனை எடுப்பது அவனுக்குத் தெரியும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தத் துண்டு இல்லாமல் கடைசிப் பாட்டு எனக்குத் தொடங்குவதில்லை. இன்றைக்கும் எங்காவது அந்தக் கடைசிப் பாட்டு தனியாக ஒலித்தால், அதற்கு முந்தைய சில நொடிகளை என் காது தானாகவே போட்டுக்கொள்கிறது.

பேட்டரி தீரும் நேரத்தில் டேப் மெதுவாகும். செஸ்டரின் குரல் தடித்து, இழுபட்டு, யாரோ வயசானவர் பாடுவது போல ஆகிவிடும். அதையும் அணைக்காமல் கேட்டிருக்கிறேன்.

பழைய ஆல்பம் முதல் தடவையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டதே என்பீர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஒன்றிரண்டு பாட்டு பிடித்திருக்கும். மிச்சத்தை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள், நாள்கணக்கில், வேறு போக்கிடம் இல்லாமல். இன்று உங்கள் நினைவில் இருப்பது நூறாவது தடவை கேட்ட ‘ஹைப்ரிட் தியரி’. அதைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் 2 தடவை கேட்டதை வைக்கிறீர்கள். போதாததற்கு அந்த 2 பள்ளி வருடங்களும் முதல் தட்டில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எந்த ஆல்பம் அதற்கு ஈடாக நிற்கும்?

முதல் தடவை கேட்கும்போது காது செய்கிற வேலையே வேறு. அடுத்து என்ன வரும் என்று அது ஓயாமல் ஊகித்துக்கொண்டிருக்கும். ஊகம் தப்புகிற இடத்திலெல்லாம் இடறும். பழகிய குழு என்றால் இடறல் இன்னும் அதிகம், ஏனென்றால் ஊகங்களும் அதிகம். செஸ்டர் மூச்சு வாங்கும் இடத்தில் எமிலி வாங்கமாட்டார். செஸ்டர் உடைகிற இடத்தில் இவர் நிமிர்வார். அந்த இடறலுக்குத்தான் ‘பாட்டு சரியில்லை’ என்று பெயர் வைக்கிறோம். ராபர்ட் ஸாயன்ட்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் சில சோதனைகளை வெளியிட்டார். பொருள் புரியாத சொற்களையும் எழுத்துகளையும் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகத் தடவை பார்த்தவற்றையே அவர்கள் நல்லவை என்று மதிப்பிட்டார்கள். பழக்கமே விருப்பத்தின் பாதி.

‘அப்படியானால் எந்தக் குப்பையையும் பத்து தடவை கேட்டால் பிடித்துவிடுமே’ என்று கேட்காதீர்கள். பிடிக்காது. பத்தாவது தடவையில் திகட்டிப்போன பாட்டுகள் என்னிடம் ஏராளம் உண்டு. முதல் தடவையில் பளபளத்ததுதான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும். இது திகட்டிவிட்டது என்று சொல்லும் உரிமையும் கேட்டவருக்குத்தான் வரும், வாசலோடு திரும்பிப் போனவருக்கு வராது. ‘ஹைப்ரிட் தியரி’ வந்த அதே 2000 அக்டோபரில்தான் ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’யும் வந்தது. கிட்டார் குழுவை நம்பி வந்தவர்களுக்கு அந்த மின்னணு ஒலிகள் பெரிய அடி. விமர்சகர்களிலேயே சிலர் கடுமையாகச் சாடினார்கள். 2009இல் அந்தப் பத்தாண்டின் பட்டியல்கள் வந்தபோது ரோலிங் ஸ்டோன், பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழ்கள் இரண்டிலும் முதலிடம் அதற்குத்தான். ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி வந்தது நானே செய்த தப்பினால். 2017 மே 19 அன்று ‘ஒன் மோர் லைட்’ வெளியானது. இப்போது என்னிடம் பேட்டரிக் கவலை கிடையாது, விரலால் தட்டினால் அடுத்த பாட்டு. முதல் பாட்டில் பாதி, இரண்டாவதில் ஒரு நிமிடம், நாலாவதில் அரை நிமிடம். கால் மணி நேரத்தில் 10 பாட்டையும் தட்டித் தட்டி முடித்துவிட்டு அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: ‘பாப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. முடிஞ்சது கதை.’ அவன் திரும்பக் கேட்டான்: ‘முழுசாக் கேட்டியா?’ நான் பதில் போடவில்லை. உலகம் முழுக்க அந்த வாரம் என்னைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தது. வெளியாவதற்கு முந்தைய நாள்தான் செஸ்டரின் நண்பரான பாடகர் கிறிஸ் கார்னெல் இறந்திருந்தார். அன்று தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் செஸ்டர் அந்தத் தலைப்புப் பாட்டை அவர் நினைவாகப் பாடினார். அதைக்கூட நான் அப்போது பார்க்கவில்லை.

ஜூலை 20. செஸ்டரும் போய்விட்டார்.

நம் ஏச்சுதான் காரணம் என்று அப்போது சிலர் எழுதினார்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் மனத்தில் இளவயதிலிருந்து என்னென்ன பாரம் இருந்தது என்பதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை எல்லாம் ஒதுக்கிவிட்டு நம் கால் மணி நேரத்தைக் காரணமாக வைப்பது, அவர் சாவிலும் நாமே நடுவில் நிற்கப் பார்ப்பது.

நான் சொல்ல வந்தது வேறு. அன்றிரவு ‘ஒன் மோர் லைட்’டைத் திரும்ப எடுத்துப் போட்டேன். தலைப்புப் பாட்டில் அழுதேன். காலையில் இதுதான் அவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம் என்று அண்ணனுக்கு எழுதினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கதை முடிந்தது என்று எழுதிய அதே கை. அதுவும் கேட்டதில் சேராது, ர. நான் அன்று கேட்டது சாவுச் செய்தியை; பாட்டு பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. என் தீர்ப்பு தலைகீழாகப் புரண்டது, அவசரம் மட்டும் அப்படியே இருந்தது.

உண்மையில் அந்த ஆல்பத்தை நான் கேட்டது மறு வருடம். அழுகை அடங்கிய பிறகு, சாதாரண நாட்களில், வேலை செய்துகொண்டே, நடந்துகொண்டே, எந்தப் பாட்டையும் தட்டாமல். அண்ணனின் வாக்மேன் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். தலைப்புப் பாட்டு நான் அழுததைவிட நன்றாக இருந்தது. ஒலியைக் கூட்டாமல், கத்தாமல், செஸ்டர் எவ்வளவு அருகில் வந்து பாடுகிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது. அதே ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் இன்றும் எனக்கு ஒட்டவில்லை. அவர் இல்லை என்பதற்காக அவற்றைப் பிடித்த மாதிரி நடிக்கமாட்டேன். அவரே அதை விரும்பியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் இந்தத் தடவை நிதானமாக இருக்கிறேன். ‘ஃப்ரம் ஜீரோ’ பற்றி என்னிடம் இன்னும் முடிவான அபிப்பிராயம் இல்லை. ‘கேஷுவால்டி’யில் எமிலி அலறுவது முதல் தடவை வெறும் வேகமாகத் தெரிந்தது, ஆறாவது தடவையில் அதற்குள் ஒரு கட்டுப்பாடு கேட்டது. ‘ஹெவி இஸ் தி கிரவுன்’ முதலில் பிரமாதமாக இருந்தது, இப்போது கொஞ்சம் வெளுத்துக்கொண்டு வருகிறது. ஏழாவது பாட்டு ‘ஓவர்ஃப்ளோ’. மெதுவானது, நடுவில் எனக்குக் கவனம் போய்விடும். ஒன்பது தடவையும் அதைத் தாண்டாமல் கேட்டிருக்கிறேன், இன்னும் பிடி கொடுக்கவில்லை.

நேற்று அண்ணனுக்கு எழுதினேன். அவன் நாலாவது தடவையில் இருக்கிறான். ஏழாவது அவனுக்கும் சுத்தமாகப் பிடிக்கவில்லையாம்.

அன்புடன்,
அக்கா