விலை உயர்ந்த ஹெட்ஃபோனைக் கடையில் மலிவாக வாங்க என்ன வழி?

பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருப்பதைவிட, ‘ஓப்பன் பாக்ஸ்’ (பெட்டி பிரித்தது) அல்லது டெமோ பீஸ் (கடையில் போட்டுக் காட்ட வைத்திருப்பது) இருக்கிறதா என்று கடையில் நேராகக் கேளுங்கள். பேரம் படிவது அங்கேதான். காசு கொடுக்குமுன் மோனோ ஒலிப்பதிவு (இரு காதிலும் ஒரே ஒலி வருவது) ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் டிரைவரோ (ஒலி எழுப்பும் பாகம்) கேபிளோ பழுதாக இருக்கலாம்; வேண்டாம். இயர்பேட் (காதில் படியும் மெத்தை) அமுங்கியிருந்தால் புது ஜோடியின் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். பில்லில் சீரியல் எண்ணும் வாரண்டி தொடங்கும் தேதியும் இருக்கட்டும்.

இன்னொரு வழி, இரட்டைப் பிள்ளைகள்: விலை உயர்ந்த மாடலைப் போலவே செய்து மலிவாக விற்கும் மாடல்கள். சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோனை ஒட்டியே, டிராப் என்ற இணையக் கடைக்காக எச்டி 6எக்ஸ்எக்ஸ் செய்யப்பட்டது. நிறமும் கேபிள் நீளமும் வேறு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், பல சமயம் லாபம் அதிலேயே கரைந்துவிடும். இரண்டுக்குமே மின்மறுப்பு 300 ஓம், அதாவது அதிகம். போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) செலவையும் பட்ஜெட்டில் வையுங்கள்.