நாட்காட்டியில் என் படம், பதவியில் நான் இல்லை

கேள்வி: கல்முனையைச் சேர்ந்த நான், மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு மென்பொருள் கம்பனியில் நான்கு வருடங்களாக, மென்பொருளிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கம்பனி அச்சிட்ட நாட்காட்டியில், மார்ச் மாதத்துக்கு என் படத்தைப் போட்டு, இங்கே பெண்களும் எல்லா இனத்தவரும் சமம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் குழுத் தலைவர் பதவி மூன்று முறை வெற்றிடமாகி, அறிவித்தலே இல்லாமல் நிரப்பப்பட்டது. காரணம் கேட்டால் "நிர்வாக இரகசியம்" என்கிறார்கள். மாலைக் கூட்டங்கள் ஆறு மணியைத் தாண்டுவதால், இருட்டுமுன் பஸ் பிடிக்க இடையில் எழும்பிப் போகிறேன். அதுவும் ஒரு காரணமோ தெரியவில்லை. கேட்பதா, பேசாமல் இருப்பதா?

பதில்: அன்பின் சகோதரிக்கு,

கேளுங்கள். ஆனால் "எனக்கு ஏன் தரவில்லை" என்று தொடங்காமல், "இந்தப் பதவிக்கு எப்படித் தெரிவு செய்கிறீர்கள்" என்று தொடங்குங்கள். முதற்கேள்விக்கு உங்கள் குறைகளைச் சொல்லி அனுப்பிவிடுவது அவர்களுக்கு இலகு. இரண்டாவதற்கு ஒரு விதிமுறையைக் காட்ட வேண்டும், அல்லது அப்படியொன்று இல்லையென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூகுள் 2014 மே மாதத்தில் தன் ஊழியர் விவரங்களை வெளியிட்டபோது, மொத்த ஊழியர்களில் பெண்கள் 30 சதவீதம் என்றிருந்தது. தொழில்நுட்ப வேலைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 17 சதவீதமாக இறங்கியது. ஆகவே உங்கள் அலுவலகத்தில் எத்தனை பெண்கள் என்று எண்ணாமல், சோதனையில் யார், நிரல் எழுதுவதில் யார், தலைவர் கதிரையில் யார் என்று பிரித்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த பஸ் விடயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட பிறகும் அந்த அறையில் பேச்சு தொடர்கிறது. அடுத்த வேலையை யாரிடம் கொடுப்பது, யார் பொறுப்பானவர் என்பதெல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் முடிவாகும், பதவி அதன்பின் கடிதமாக வரும். உங்களை ஒதுக்க வேண்டுமென்று எவரும் நினைத்திருக்க வேண்டியதில்லை, அந்த நேரமே ஒதுக்கிவிடுகிறது. கூட்டத்தை முற்பகலுக்கு மாற்றவும், எடுத்த முடிவுகளை எழுத்தில் எல்லோருக்கும் அனுப்பவும் கேளுங்கள். தூரத்திலிருந்து வரும் ஆண்களுக்கும் இது உதவும் என்பதால் ஓரிருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. இலங்கை அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை இன, மத, மொழி, பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக் கூடாதென்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை வழக்கு அரச நடவடிக்கைகளுக்கு எதிராகவே தொடரப்படுவது. 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டமும் உங்களுடையது போன்ற சாதாரணத் தனியார் கம்பனியை எட்டாது. அதனால் எழுத்தில் இருப்பதே உங்கள் பலம். நீங்கள் கண்டுபிடித்த பெரிய பிழைகளையும், புதியவர்களுக்குப் பழக்கிய வேலைகளையும் திகதியோடு குறித்து வையுங்கள். சம்பளம் பற்றிச் சக ஊழியர்களோடு பேசுமுன் உங்கள் நியமனக் கடிதத்தில் இரகசிய நிபந்தனை உண்டா என்று வாசியுங்கள்.

பிறகு தெரிவு முறையையும் கூட்ட நேரத்தையும் பற்றி முகாமையாளருக்கு ஒரே மின்னஞ்சலாக, பணிவாகவும் சுருக்கமாகவும் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், புதிதாகத் தொடங்காமல், அதே மின்னஞ்சலின் கீழே நினைவூட்டல் அனுப்புங்கள்.