சாந்தோரினியைத் தோண்டியவர்கள்

வணக்கம் சார்,

கம்பெனி வேலையாக ஆறு மாதம் ஜெர்மனியில் இருக்கிறேன். மனைவியும் வந்திருக்கிறாள். ஊர் திரும்புவதற்கு முன், அக்டோபர் கடைசியில், ஐந்து நாள் கிரீஸ் போக யோசனை. சாந்தோரினித் தீவு அவளுடைய பல வருட ஆசை. விமான டிக்கெட் போக எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கையில் இருப்பது 600 யூரோ. அங்கே ஓயா என்ற ஊரில் கடலைப் பார்த்த குகை அறையில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்கிறாள். அதற்கே பாதிப் பணம் போய்விடும். தங்கலாமா? மிக்கோனோஸ், நாக்ஸோஸ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா? கழுதைச் சவாரி நல்ல அனுபவமா? தேவாலயத்தின் நீலக் குவிமாடப் படத்தைக் காசு கொடுக்காமல் எந்த மாடியில் ஏறி எடுக்கலாம்? சைவச் சாப்பாடு கிடைக்குமா? அலுவலக நண்பர் ஒருவர், 'அது பணக்காரர்களுக்காகவே கட்டிய தீவு, நம்மைப் போன்றவர்கள் போனால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்' என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனசு சோர்ந்திருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு வீடு அதைக் கட்டியவர்களின் கையை விட்டு எப்படிப் போகிறது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பணக்காரர்களுக்காகவே கட்டிய தீவா? அந்தக் குகை வீடுகளை யாருமே கட்டவில்லை, தோண்டினார்கள். தோண்டியவர்கள் கையில் காசில்லாதவர்கள்.

சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவின் எரிமலை வெடித்தது. நடுப்பகுதி உள்வாங்கி, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. இன்று எல்லோரும் படம் எடுக்கும் கால்டெரா அதுதான். எஞ்சிய நிலத்தின் மேல் சாம்பலும் நுரைக்கல்லும் படிந்தன, சில இடங்களில் முப்பது மீட்டருக்கும் அதிகமான தடிமனில். தீவில் மரம் அபூர்வம். உத்தரத்துக்குக் கட்டை வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். அதை வாங்க வசதி இல்லாதவர்கள் சம்மட்டியும் மண்வெட்டியுமாகச் சாம்பல் பாறையைக் குடைந்து உள்ளே போனார்கள். கூரையை வில்லாக வளைத்து வெட்டினால் உத்தரமே தேவையில்லை. முன்பக்கம் ஒரு கதவு, இரு பக்கமும் ஜன்னல், கதவுக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல். உள் அறைக்கு வெளிச்சம் அதன் வழியாகத்தான் போகவேண்டும். வெயில் காலத்தில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்கு முற்றம்.

ஓயாவில் கப்பல் வைத்திருந்தவர்கள் இந்தக் குகைகளில் இருக்கவில்லை. கப்பல் தலைவர்கள் மேட்டில் பெரிய மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய கப்பல்களில் வேலை செய்த மாலுமிகள்தான் செங்குத்துச் சரிவில், குகைக்குள் குடும்பம் நடத்தினார்கள். இதே சாம்பல் மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அசையாத கலவை கிடைக்கும். 1860-களில் சூயஸ் கால்வாய் வேலைக்குக் கப்பல் கப்பலாக அது போனது. அதை வெட்டி ஏற்றியவர்களும் மாளிகைக்காரர்கள் இல்லை.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது, ஓயாவின் பாய்க்கப்பல்கள் ஓய்ந்தன. 1956 ஜூலை 9 அதிகாலையில் பெரிய நிலநடுக்கம், அதன் பின்னாலேயே கடல் ஏறியது. 53 பேர் செத்தார்கள். ஓயா பெரும்பாலும் இடிந்து கிடந்தது. ஏராளமானவர்கள் பிழைப்புத் தேடி ஏதென்ஸ் பக்கம் போய்விட்டார்கள், குகைகள் வெறுமையாகக் கிடந்தன. 1970-களில் அரசின் சுற்றுலா அமைப்பு அப்படிக் கைவிடப்பட்ட வீடுகளைச் சீர்படுத்தி விருந்தினர் இல்லங்களாக்கத் தொடங்கியது. மற்றது உங்களுக்குத் தெரியும். உங்கள் மனைவி கேட்கும் அறை அந்த வரிசையில் வந்ததுதான்.

நான் அங்கே போனபோது தெற்கே எம்போரியோ என்ற உள்ளூர்க் கிராமத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் தங்கினேன். நிலநடுக்கத்தின்போது அவர் பள்ளிச் சிறுமி, வீடு ஓயா சரிவில். அவர் கிரேக்கத்தில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள். இடிந்ததும் கூடாரத்தில் இருந்திருக்கிறார்கள், பிறகு அப்பா குடும்பத்தோடு ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். குகையை ரொம்ப வருடம் கழித்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் பேசினார். அந்தத் தீவில் ஆறு கிடையாது. மழைநீரைக் கூரையிலிருந்து வழியவிட்டு, முற்றத்துக்குக் கீழே வெட்டிய தொட்டியில் சேர்த்து, வருடம் முழுக்க அதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று அம்மா அளந்து கொடுப்பாராம். முகம் கழுவிய தண்ணீர் செடிக்கு. இப்போது அந்தத் தொட்டியை உடைத்து அகலமாக்கி நீல ஓடு பதித்து, அறைக்குச் சொந்தமான குட்டி நீச்சல் குளமாக ஆக்கிவிட்டார்கள் என்று பேத்தி கைப்பேசியில் படம் காட்டினாள். பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை வாளி ஊற்றுவார்கள் என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும், 'நம்மைப் போன்றவர்கள்' என்று கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பீர்களா? அந்தத் தீவின் அழகு முழுவதும் இல்லாமையைச் சமாளித்தவர்கள் உண்டாக்கியது. காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க, திராட்சைக் கொடியைத் தரையிலேயே கூடை மாதிரி வளைத்துப் பின்னி, குலையை அதற்குள் ஒளித்து வைக்கிறார்கள். பாசனம் இல்லை, இரவில் கடலிலிருந்து வரும் ஈரப்பனிதான் கொடிக்குப் பெரிய ஆதாரம். மஞ்சள் நிறத்தில் ஃபாவா என்று ஒரு பருப்பு, அதுவும் மானாவாரிதான். வேகவைத்து மசித்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுக் கொடுப்பார்கள். நம் வீட்டுப் பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும். சைவச் சாப்பாட்டுக் கேள்விக்கு அதுவே பதில், கூடவே தக்காளிப் பணியாரமும் வெள்ளைக் கத்தரிக்காயும் கேளுங்கள். பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

இப்போது திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். எந்த மாடியில் ஏறலாம் என்று கேட்டீர்களே, எதிலும் ஏறக்கூடாது. கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டு முற்றம் என்று சொன்னேன். நீங்கள் தாண்டிக் குதிக்கும் அந்த வெள்ளைச் சுவருக்குக் கீழே யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். 'இது உங்களுக்கு விடுமுறை, எங்களுக்கு வீடு' என்று ஓயாவில் பலகை எழுதி வைக்கும் நிலைக்கு அந்த மக்களைத் தள்ளியிருக்கிறோம். ஏறக்குறைய 15,000 பேர் வாழும் தீவுக்கு வருடத்துக்கு முப்பது லட்சத்துக்கும் மேல் ஆட்கள் போகிறார்கள். அங்கே வேலைக்குப் போகும் பள்ளி ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை, எல்லாம் பயணிகளுக்குப் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் நிலநடுக்கம் தொடர்ந்து குலுக்கியபோது பத்தாயிரம் பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டு வெளியேறினார்கள். 1956-ஐ நேரில் பார்த்தவர்கள் சிலர் அப்போதும் அங்கே இருந்தார்கள். அந்த மக்களின் தலைமேல் நின்று எடுக்கும் படம் உங்களுக்கு எதற்கு? தெருவில் நின்றே நீலக் குவிமாடம் தெரியும். காலை ஏழு மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது.

கழுதை வேண்டாம். பழைய துறைமுகத்திலிருந்து தீவின் முக்கிய ஊரான ஃபிரா வரை அறுநூறு படிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வெயிலில் நாள் முழுக்க ஆட்களைச் சுமந்து ஏறும் கழுதையை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தால் நீங்களே ஏற மாட்டீர்கள். நீங்கள் வந்து இறங்கப்போகும் துறைமுகமே வேறு, அதினியோஸ். அங்கிருந்து பஸ் இருக்கிறது.

மிக்கோனோஸ், நாக்ஸோஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். ஐந்து நாளில் மூன்று தீவு என்றால் நீங்கள் பார்க்கப்போவது கப்பலை மட்டும்தான். பிரேயஸிலிருந்து மெதுவான கப்பலே எட்டு மணி நேரம் எடுக்கும். அதில் தளத்து டிக்கெட் எடுத்தாலும், போக வர உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

அறை விஷயம். உங்கள் மனைவியின் ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. அந்த வளைந்த வெள்ளைக் கூரைக்குக் கீழே ஓர் இரவு படுத்துப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஓயாவில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கடல் காட்சிக்கு. அதே சாம்பல் பாறையில், அதே மாதிரி குடைந்த வீடுகள் ஓயாவை ஒட்டிய ஃபினிகியாவில் இருக்கின்றன, ஓடைப் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் வோதோனாஸில் இருக்கின்றன, எம்போரியோவிலும் இருக்கின்றன. கடல் தெரியாது, விலையும் அந்த அளவுக்கு இருக்காது. ஓர் இரவு அங்கே இருங்கள். மற்ற இரவுகளுக்குப் பெரிஸ்ஸா, கறுப்பு மணல் கடற்கரை ஓரம். சாதாரண அறைகள் அங்கேதான் மலிவு. பெரும்பாலான இடங்களுக்கு ஃபிரா போய் பஸ் மாற வேண்டும். கால்டெராவைப் பார்க்கக் காசு வேண்டாம். ஃபிராவிலிருந்து ஓயா வரை விளிம்பிலேயே பத்து கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அவளோடு பேசிக்கொண்டே நடங்கள்.

அக்டோபர் 28 அன்று தீவில் இருக்கும்படி தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். 1940-இல் முசோலினியின் இறுதி எச்சரிக்கையை மறுத்த நாள், தேசிய விடுமுறை, அரசுத் தொல்லியல் இடங்களில் அன்று கட்டணம் கிடையாது. காலையிலேயே அக்ரோத்திரிக்குப் போய்விடுங்கள். அந்த வெடிப்பில் புதைந்த ஊர், 1967 முதல் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய். ஊருக்குள் எலும்புக்கூடு அகப்படவில்லை, முன்கூட்டியே கிளம்பிவிட்டிருக்கிறார்கள். அதன் சுவரோவியத்தில் இருக்கும் நீலக் குரங்குகள் நம் நாட்டுச் சாம்பல் மந்திகள்தான் என்று குரங்கு ஆய்வாளர்கள் சிலர் வாலின் வளைவை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஓவியத்தை ஃபிரா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

திரும்பும் கப்பலுக்கும் ஏதென்ஸ் விமானத்துக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். காற்று பலமாக அடித்தால் கப்பல் கிளம்பாது.

அன்புடன்.