கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுபடியும் கோவிட் தடுப்பூசிச் சான்று கேட்கலாமா?

ஊசி பரவலைத் தடுக்கிறதா, நோயின் கடுமையை மட்டும் குறைக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2021 ஆகஸ்டில் இங்கே அந்த விதி வந்தபோது டெல்டா வகைக் கிருமி பரவியது. ஊசி பரவலையும் ஓரளவு குறைத்ததால் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒமிக்ரான் வகை வந்தபின் ஊசி போட்டவர்களுக்கும் எளிதாகத் தொற்றியது. 2022 மே 1 முதல் நிபந்தனையை விலக்கியது சரிதான்.

நடைமுறையில் கோளாறு வாசலில்தான். இரண்டு டோஸ் ஊசிக்குக் கடைசி ஊசியிலிருந்து 14 நாள், கேன்சினோ போன்ற ஒற்றை டோஸுக்கு 28 நாள் ஆகியிருக்க வேண்டும். தேதியை யார் எண்ணினார்கள்? பல கடைக்காரர்கள் மைசெஜாத்ரா செயலியில் சான்றின் நிறத்தை மட்டும் பார்த்து உள்ளே விட்டார்கள். இன்னொருவர் சான்றின் ஸ்கிரீன்ஷாட்டும் அதே நிறம்தானே! செயலியைக் கண்முன் திறக்கச் சொல்லி, பெயரை மைகார்டு அடையாள அட்டையோடு ஒப்பிட்டால்தான் அது சோதனை. கூட்டம் நெருக்கும் மதிய நேரத்தில் பரிமாறும் ஊழியரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. தனி ஆள் வேண்டும்.

திறன்பேசி இல்லாத முதியவருக்கு அச்சிட்ட சான்று, மருத்துவக் காரணத்தால் ஊசி போடமுடியாதவருக்கு விலக்கு. இவை இல்லாமல் விதி போடக்கூடாது. காற்றோட்டமில்லாத குளிரூட்டிய மண்டபத்துக்குச் சான்று கேட்பதில் பொருளுண்டு, ஐந்தடி வீதியில், அதாவது கடைவரிசை முன்னுள்ள திறந்த நடைபாதையில், இருக்கும் கடைக்கு இல்லை.