வயலை விற்று மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: அக்காவுக்கு 46 வயது. சூலகப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். நாலாவது கீமோ முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு இருக்கிறது. எங்கள் அம்மாவும் 44 வயதில் மார்பகப் புற்றுநோயால்தான் போனவர். கனடாவில் இருக்கும் அண்ணா, "இதற்கென்று புது மாத்திரை வந்திருக்கிறது, அப்பாவின் வயலை விற்றாவது வாங்குவோம்" என்கிறார். முரசுமோட்டையில் 2 ஏக்கர், பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது). வங்கியில் 12 லட்சம் நிலையான வைப்பும் 9 பவுண் நகையும் உண்டு. எனக்கு வயது 37, தையல் வேலை, இரண்டு பிள்ளைகள். என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, வயலை இப்போதைக்குத் தொடவேண்டாம். முதலில் செலவழிக்க வேண்டியது மாத்திரைக்கல்ல, ஒரு சோதனைக்கு.

அண்ணா சொல்வது அநேகமாக ஒலாபரிப் ஆக இருக்கும். 2014 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்த மருந்து. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில், டொக்டர்மார் 'பிராக்கா' என்பார்களே, அதில் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும். வெள்ளத்தில் ஒரு பாதை முறிந்த ஊருக்கு மற்றப் பாதையையும் மறித்தால் எப்படியிருக்கும்? சேதத்தைத் திருத்தும் ஒரு வழியை ஏற்கெனவே இழந்த புற்றுக்கலத்துக்கு, மிச்சமுள்ள வழியையும் இந்த மாத்திரை அடைக்கிறது. அக்காவுக்கு அந்தக் கோளாறு இல்லையென்றால், வயலை விற்ற காசு பெரும்பாலும் வீண்.

இருந்தால் நம்பிக்கை பொய்யல்ல. கீமோவுக்கு நோய் அடங்கிய, பிராக்கா கோளாறுள்ள பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஏழு ஆண்டுகளின் பின் மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 67 பேர் உயிரோடு இருந்தார்கள். எடுக்காதவர்களில் 47 பேர் அளவில். எல்லாரையும் காப்பாற்றும் மருந்தல்ல, ஆனால் இந்த வித்தியாசம் சின்னதுமல்ல.

இனி நாள் கணக்கு. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்றால் ஆறாவது ஏறக்குறைய ஆறு வாரத்தில் வரும். அந்த ஆய்வில் கடைசிக் கீமோ முடிந்து எட்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினார்கள். ஆக உங்கள் கையில் மூன்று மாதம் சொச்சம் இருக்கிறது. சோதனை முடிவு வரவே சில வாரம் ஆகும். அதனால் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியோ மகரகமவோ, அடுத்த கிளினிக்கிலேயே டொக்டரிடம் கேளுங்கள்: பிராக்கா சோதனை எங்கே செய்யலாம், எவ்வளவு, அரசு வழியில் முடியுமா? இந்தச் சோதனைக்கு வைப்பில் கைவைத்தாலும் நான் குறைசொல்ல மாட்டேன்.

அப்புறம் மாத்திரைக் கணக்கு. வழக்கமான அளவு நாளொன்றுக்கு நாலு மாத்திரை, மாதம் 120. இப்படி முதல் சிகிச்சையை அடுத்துக் கொடுக்கும்போது பொதுவாக இரண்டு வருடம்தான், 2,920 மாத்திரை. ஒரு மாத்திரையின் விலையைக் கேட்டு 120 ஆல் பெருக்கினால் மாதச் செலவு தெரிந்துவிடும். மாதாமாத இரத்தச் சோதனையையும் சேருங்கள். இந்த மருந்தில் இரத்தம் குறைவது சாதாரணம், சிலருக்கு இரத்தம் ஏற்றவும் நேரும். இறக்குமதி செய்யும் கம்பனியிடம் நோயாளருக்கு விலைக்கழிவு உண்டா என்று கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பியுங்கள், பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இது மாதச் செலவு. மாதச் செலவுக்கு மாத வருமானம்தான் தோது. அண்ணாவிடம் மொத்தமாக வேண்டாம், 24 மாதத்துக்கு இன்ன தொகை என்று உறுதி வாங்குங்கள். மிச்சத்துக்கு வைப்பு. அதற்கும் மேலே போனால் நகையை ஒன்றொன்றாக வங்கியில் அடைவு வையுங்கள், ஒரே நாளில் ஒன்பது பவுணையும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டாம். வீட்டுவாசலுக்கு வந்து வாராவாரம் வசூலிக்கும் நுண்கடன் மட்டும் கூடவே கூடாது. அதன் கதை வன்னியில் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வயலுக்கு வருவோம். பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கைமாற்றினால் வாங்குபவர் அந்தப் பயத்தையும் சேர்த்தே விலையில் கழிப்பார். என் பெரியம்மாவின் வைத்தியத்துக்கு நாங்கள் அப்படித்தான் அவசரப்பட்டு ஒரு துண்டைக் கொடுத்தோம். அடுத்த காலபோகத்தில் அந்த வரம்பால் நடக்கவே மனம் வரவில்லை. காசு கட்டாயம் தேவையென்றால் குத்தகைக்குக் கொடுக்க முடியுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கோடைச் சிறுபோகத்துக்கு எல்லாருக்கும் முழுதாகக் கிடைக்காது, ஆகவே மாரிமழையில் விளையும் காலபோகத்தை வைத்துப் பேரம் பேசுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அக்காவுக்குப் பிறவியிலேயே இந்தக் கோளாறு இருப்பது உறுதியானால், உங்களுக்கும் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிராக்காவின் ஒரு வகையான பி.ஆர்.சி.ஏ.1 இல் கோளாறுள்ள பெண்களில் 100க்கு 39 முதல் 58 பேருக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரலாம், பொதுவாகப் பெண்களில் அது ஏறக்குறைய ஒருவருக்குத்தான். அக்காவின் மரபணுவில் எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் உங்களுக்கு அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. பி.ஆர்.சி.ஏ.1 கோளாறுள்ள, பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்கு 35–40 வயதில் சூலகத்தையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவதுதான் டொக்டர்மார் சொல்லும் காவல். உங்களுக்கு 37. உங்கள் சோதனைக்கான காசை இன்றே தனியே எடுத்து வையுங்கள், அக்காவின் செலவு எவ்வளவு இழுத்தாலும் அதில் கைவைக்காதீர்கள்.

அண்ணாவுக்கும் இது பொருந்தும். ஆண்களும் இந்தக் கோளாறைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அக்காவின் சோதனை அறிக்கையை அவருக்கு அனுப்பிவிடுங்கள். கனடாவில் தகுதியுள்ளவர்களுக்கு இந்தச் சோதனை அரசாங்கச் செலவிலேயே நடக்கும், குடும்ப டொக்டரிடம் அந்தத் தாளைக் காட்டினால் சரி.