அம்மாவின் குரலில் கூப்பிட்டால்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறு வருடமாகத் திகில் கதை எழுதுகிறேன். பாழடைந்த பங்களா, அமாவாசை, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் எல்லாம் வைத்துத்தான் எழுதுகிறேன். போட்டிக்கு அனுப்பினால் 'பயமே வரவில்லை' என்கிறார்கள். ஆனால் என் ஏழு வயது மகன் ஒரு கதையை எனக்குத் தெரியாமல் எடுத்துப் படித்துவிட்டு, மூன்று நாள் என் முந்தானையை விடவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேய் ஒரு பையனை அவன் அம்மா குரலில் கூப்பிடுகிற இடம் அது. அன்றிலிருந்து மாமியார், 'விளக்கு வைக்கிற வீட்டில் இதெல்லாம் எழுதலாமா?' என்கிறார். வேலை, சமையல், பிள்ளையின் படிப்பு எல்லாம் முடிந்து இரவு பதினொரு மணிக்குத்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. பயம் வருகிற மாதிரி எழுதுவது எப்படி? குடும்பத்தில் இருந்துகொண்டு இதை எழுத முடியுமா, விட்டுவிடவா?"

விட்டுவிட வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை உங்கள் மகன் சொல்லிவிட்டான். அதை நீங்கள் செய்த தப்பாக எழுதியிருப்பதால், அது பதில் என்று உங்களுக்குத் தெரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையிலும் அமாவாசை இருந்திருக்கும், நாய் ஊளையிட்டிருக்கும். அவன் அதற்கெல்லாம் அசையவில்லை. அம்மாவின் குரல் வந்த இடத்தில்தான் நடுங்கினான். பாழடைந்த பங்களாவில் அவனுக்கு யாரையும் தெரியாது, அங்கே என்ன நடந்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. அம்மாவின் குரல் அப்படியல்ல. இருட்டில் அவன் நம்பிப் போகிற ஒரே பொருள் அது. அதையே ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டது என்றால் அவன் எங்கே போவான்? நான் இருபத்தைந்து வருடமாக எழுதுகிறேன். பயம் என்று நான் கண்டதெல்லாம் இந்த ஒன்றின் வேறு வேறு முகங்கள்தான்.

நம் ஊரில் இது புதிதில்லை. ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்காதே, மூன்று தரம் கூப்பிட்டபின் குரல் கொடு என்று என் ஆச்சி சொல்வாள். 1990களில் கர்நாடகத்தில் ஒரு வதந்தி பரவியது. இரவில் ஒருத்தி வந்து, வீட்டிலிருப்பவர்களுக்கு நெருங்கிய ஒருவரின் குரலில் கதவைத் தட்டுவாள், திறந்தவர் பிழைக்க மாட்டார் என்று. அதனால் கதவில் 'நாளே பா', அதாவது 'நாளை வா', என்று எழுதி வைத்தார்கள். தினம் வந்து படித்துவிட்டுத் திரும்பிப் போவாளாம். அவளுக்குக் கோரைப்பல்லோ சிவந்த கண்ணோ இருந்ததாக நான் கேட்டதில்லை. தெரிந்த குரல் ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

இன்னும் பழையது பழையனூர் நீலி கதை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இப்போது வணிகனாகப் பிறந்திருக்கிறான். பழிவாங்க வரும் நீலி, ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர்கள் எழுபது பேர் முன்னால் நின்று 'இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்' என்று அழுகிறாள். 'நீலிக்கண்ணீர்' என்று இன்றும் நாம் சொல்வது அதைத்தான். பெரியவர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது தவழ்ந்துபோய் வணிகனின் மடியில் ஏறி 'அப்பா' என்கிறது. வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அவன் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணையாகக் கொடுத்து, அவளோடு ஓர் அறையில் தங்க அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

நான் இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் குளிர் எடுப்பது கொலை நடக்கும் இடத்தில் இல்லை, கள்ளிக்கொம்பு 'அப்பா' என்று சொல்லும் இடத்தில்தான். ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டுகிற எல்லாம் அங்கே இருக்கிறது, குடும்பம் மட்டும் இல்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் பங்களாவுக்குப் போவதில்லை. ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும் ஓர் எழுத்தாளர், பக்கத்தில் மனைவி, எங்கிருந்தோ வரும் ஒரு வாடை என்று வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

அதனால் உங்கள் கதைகளில் முதலில் மாற்ற வேண்டியது இடம். பங்களாவை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆனால் பேயை உடனே கூட்டி வராதீர்கள். முதலில் அந்த வீடு ஒரு சாதாரண நாளில் எப்படி நடக்கிறது என்று வாசகருக்குப் பழக்குங்கள். குக்கர் எத்தனை விசில் வந்தால் யார் அடுப்பை அணைப்பார், குளியலறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இழுத்தால் விழும், மோட்டார் போட்டதை யார் மறப்பார். இதைச் சரியாகச் செய்துவிட்டால், பிறகு ஒரே ஒன்றை மட்டும் இடம் மாற்றி வைத்தால் போதும். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

என் மாமியார் இரவு படுக்கப் போகுமுன் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு, யாரையும் பார்த்துச் சொல்லாமல் பொதுவாக 'மூடியாச்சு' என்பார். இருபது வருடம் அந்தச் சொல் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கு அணையும். அவர் போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய இரவு நானும் என் கணவரும் படுத்திருந்தோம். இருவருக்கும் தூக்கம் வரவில்லை. எதற்குக் காத்திருக்கிறோம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து அவர் எழுந்துபோய் மூடிவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் படுத்தார்.

சில மாதம் கழித்து அதைக் கதையாக எழுதினேன். கதையில் காரியம் முடிந்த வீட்டில் இரவு சமையலறையிலிருந்து 'மூடியாச்சு' என்று கேட்கிறது. மருமகள் பயப்படவில்லை, அழுகிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள். மூன்று இரவு அப்படியே போகிறது. நான்காம் இரவு அதே குரல், அதே நிதானத்தில், 'திறந்தாச்சு' என்கிறது.

இதில் ரத்தமில்லை, உருவமில்லை. முதல் மூன்று இரவு ஆறுதலாக இருந்ததால்தான் நான்காவது தாக்குகிறது. நீங்கள் முதல் வரியிலிருந்தே பயமுறுத்தத் தொடங்கிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எதையும் இழக்கக் கொடுக்காமல் வாசகரைப் பயப்படச் சொன்னால் அவர் எப்படிப் பயப்படுவார்?

என் கணவர் அந்தக் கதையைப் படித்துவிட்டு, 'அம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க' என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவருடைய அம்மாவை எடுத்து நான் எங்களுக்கு எதிரியாக ஆக்கிவிட்டேன் என்பது மெல்லத்தான் உறைத்தது. இரண்டு வருடம் கழித்து எடுத்துத் திருத்தினேன். திருத்திய கதையில் மருமகளும் அதையே சொல்கிறாள்: 'அத்தை அப்படிச் சொல்ல மாட்டாங்க.' அந்தக் குரல் மட்டும்தான் அத்தையுடையது என்று அவளுக்குப் புரிகிறது. அப்படியானால் முதல் மூன்று இரவு பேசியது யார்? கதை அதோடு நிற்கிறது. அவர் படித்துவிட்டு 'அனுப்பு' என்றார். முதலில் எழுதியதைவிட அது நல்ல கதை, அவர் மனம் நொந்த இடத்திலிருந்து வந்த கதை.

வீட்டு ஆட்களை வைத்து எழுதினால் அவர்களிடம் காட்டாமல் வெளியே அனுப்பாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பிள்ளைகளை வைத்து எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் லாரிகள் பறக்கும் சாலையோரம் குடியிருந்தபோது மகளின் பூனை அடிபட்டுச் செத்தது. சின்ன மகனும் ஒருநாள் அந்தச் சாலையை நோக்கி ஓடினான், பிழைத்துவிட்டான். பிழைக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பிலிருந்துதான் 'பெட் செமட்டரி' நாவல் வந்தது. எழுதி முடித்ததும் அவருக்கே அது தாங்கவில்லை, எடுத்து வைத்துவிட்டார். பதிப்பகத்துக்கு ஒரு புத்தகம் கொடுக்க வேண்டிய கடமை இருந்ததால்தான் 1983இல் அது வெளியே வந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு கதை வரலாம். எழுதுங்கள், உடனே யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

மொழி பற்றி ஒன்று. 'திடீரென்று', 'பயங்கரமான', 'அமானுஷ்யமான' இந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். நம் மொழியில் வினைமுற்றே திணையைச் சொல்லிவிடும். அதைப் பயன்படுத்துங்கள். கதை நெடுக 'அம்மா வந்தாள், அம்மா சிரித்தாள்' என்று எழுதிக்கொண்டே போய், ஓரிடத்தில் மட்டும் 'மாடிப்படியில் நின்றது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது' என்று எழுதிப் பாருங்கள். எழுவாய் வேண்டாம், விளக்கம் வேண்டாம். 'ஆள்' போய் 'அது' வந்ததை வாசகரின் காது அவருக்கு முன்னால் கண்டுகொள்ளும். கதை சொல்பவரின் நடையில் மட்டும் இதைச் செய்யுங்கள். உரையாடலில் வைத்தால் பலிக்காது, ஏனென்றால் 'அம்மா சொல்லுச்சு', 'அக்கா வந்துச்சு' என்று பாசமாகவே பேசுகிற ஊர்கள் நம்மிடம் நிறைய.

இனி உங்கள் மாமியார். அவரிடம் வாதாடாதீர்கள், கதை கேளுங்கள். விளக்கு வைத்தபின் ஊசி, உப்பு கடன் கொடுக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, ராத்திரியில் பாம்பு என்று சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு 'கூடாது'க்குப் பின்னாலும் ஒருகாலத்தில் யாருக்கோ ஏதோ நடந்ததாக ஒரு கதை இருக்கும். 'ஏன் அத்தை?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். எழுதக் கூடாது என்று சொல்பவர்தான் வீட்டிலேயே அதிகம் கதை தெரிந்தவராக இருப்பார், என் அனுபவம் அது.

அவர் சொல்லும் கதைகளில் பேயாக வருபவள் பெரும்பாலும் இளம் பெண்ணாக இருப்பாள். கிணற்றில் விழுந்தவள், பிள்ளைப்பேற்றில் செத்தவள். அங்கே நில்லுங்கள். கிணற்றைப் பயமாக எழுதுமுன் அவள் ஏன் கிணற்றுக்குப் போனாள் என்று கேளுங்கள். பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நட்டு நிறுத்திய இரண்டு கல்லின்மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர், அடுத்தவர் உதவியில்லாமல் பாரத்தை இறக்கி வைத்து இளைப்பாற அது. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது நம் வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமைக்காக ஊர் அதைச் செய்தது. அதே பெண்ணை வைத்துத்தான் நாம் கொலுசுச் சத்தம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். ஊரில் உண்மையாகச் செத்த பெண்ணின் பெயரையோ அவள் வீட்டையோ அடையாளம் தெரிகிற மாதிரி எழுதாதீர்கள், அவளுடைய அம்மா இன்னும் உயிரோடு இருப்பாள்.

நேரத்துக்கு வருவோம். இரவு பதினொரு மணிக்குத் திகில் எழுதாதீர்கள். களைத்த உடம்பு எழுதுவது பழைய பழக்கத்தைத்தான், பங்களாவும் அமாவாசையும் அப்படித்தான் வந்துவிடுகின்றன. தவிர, எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கமும் கெடும். அமெரிக்க எழுத்தாளர் ஷேர்லி ஜாக்சன் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். மகளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, கடைச் சாமானோடு மேட்டில் தள்ளிக்கொண்டு வரும்போது அவருக்கு ஒரு கதை தோன்றியது. வீட்டுக்கு வந்து குழந்தையை இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதினார். அதுதான் 1948 ஜூனில் 'நியூயார்க்கர்' இதழில் வந்த 'தி லாட்டரி'. நல்ல வெயில், காலை பத்து மணி, ஊரே சதுக்கத்தில் கூடிச் சீட்டு எடுக்கிறது. சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்வது அந்த ஊர் வழக்கம். சீட்டு விழும் பெண் தாமதமாக வந்தவள், 'பாத்திரத்தைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டா வரச் சொல்கிறீர்கள்?' என்று சிரித்தவள். கடைசியில் அவளுடைய சின்னப் பையன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். அந்தத் தொட்டிப் பாத்திரத்தைப் பாத்திரம் கழுவுகிறவர்தான் எழுத முடியும். பத்திரிகைக்கு வாசகர்களிடமிருந்து நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் குழப்பத்தோடும் கொதிப்போடும்.

பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வாசலில் காத்திருக்கும்போது, மாவு அரைபடும்போது இரண்டு வரி. ஞாயிறு பகலில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் பயந்ததற்காக அவனைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். இரவு விளக்கு வேண்டுமென்றால் எரியட்டும், மாமியார் திருநீறு பூசினால் பூசட்டும். இனி நோட்டை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒருநாள் அவனை உட்காரவைத்து, அந்தக் கதையை அம்மாதான் எழுதினேன், அந்தக் குரலையும் அம்மாதான் எழுதினேன் என்று காட்டுங்கள். பையன் கிணற்றுக்குப் போகலாமா வேண்டாமா என்று அவனையே சொல்லச் சொல்லி, அவன் சொன்னபடி அவன் முன்னால் அடித்து எழுதுங்கள்.

பிறகு அந்த ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றை விட்டுவிட்டு, உங்கள் வீட்டிலேயே அந்தக் குரல் எங்கிருந்து வந்தால் நம்பிப் போய்விடுவோம் என்று தேடுங்கள். மகனுக்குப் பயம் தெளிந்தபின் அவனிடமே கேட்கலாம். பகலில் கேளுங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.