எண்ணூர் ஆற்றைப் பற்றி கானா கட்டிப் பாட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

கேள்வி: நாங்கள் நாலு பேர், திருவொற்றியூர் பக்கம். கானா பாடுவோம், டோலக் இருக்கிறது. எண்ணூர் ஆறு கெட்டுப்போவதைப் பற்றிப் பாட்டு கட்டி, குப்பங்களில் பாடி, யூடியூபிலும் போட ஆசை. ஆனால் விழிப்புணர்வுப் பாட்டு என்றாலே ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்:

எழுந்து போவதில் நியாயம் இருக்கிறது. "மரம் வளர்ப்போம், மாசு தடுப்போம்" என்ற பாட்டு யார் முகத்தையும் பார்த்துப் பாடுவதில்லை. முகத்துவாரக் குப்பத்தில் உட்கார்ந்து கேட்கிறவர் மாசு பண்ணவில்லை. மாசுதான் அவர் வலைக்குள் வந்து விழுகிறது. அவரிடமே போய் "தடுப்போம் வா" என்றால் எரிச்சல்தான் வரும்.

முதலில் ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு விஷயம் என்று முடிவு பண்ணுங்கள். எண்ணூரில் கண்ணுக்குத் தெரிகிற தொல்லைகளில் மூன்றை எடுத்துக்கொண்டால், மூன்றும் வேறு வேறு வழியில் வந்தவை.

சாம்பல் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது. இந்திய நிலக்கரியை எரித்தால் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தாலும் கசிந்தாலும் சாம்பல் ஆற்றில் இறங்கிப் படிந்து ஆழத்தைத் தின்றுவிடும்.

எண்ணெயிலும் இரண்டு கதை உண்டு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டியது கடலில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்து படர்ந்தது ஆற்றில்.

மூன்றாவது காக்கா ஆழி. கப்பல்களோடு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் தென் அமெரிக்கச் சிப்பி இது. ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி மூடிவிடும், இறால் மண்ணுக்குள் புதைய இடமிருக்காது.

இந்த மூன்றையும் ஒரே சரணத்தில் போட்டுக் குழப்பினால், இரண்டாவது வரியிலேயே ஒரு பெரியவர் "எண்ணெய்க்கும் ஆழிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பார். அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் காதில் ஏறாது.

வரி கட்டும்போது எதுகை மோனை நம்மை ஏமாற்றும். ஒரு உதாரணம்:

முட்டித் தண்ணியில கைய வுட்டா மூணு கூட இறாலு
முட்டிச் சாம்பலுல கைய வுட்டா முழங்கையெல்லாம் அரிப்பு

காதுக்கு நன்றாக இருக்கிறது, மோனை உட்கார்ந்திருக்கிறது. ஆனால் முதல் வரி தப்பு. கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குவதில்லை. ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் தடவுவார்கள். ஆகவே "பறி நெறய இறாலு". மோனை போய்விட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். பறி என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் மோனை செய்யாத வேலையை அந்தச் சொல் செய்யும்.

ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு, 2017இல் வந்த சென்னை பொறம்போக்கு பாடலைக் கூர்ந்து கேளுங்கள். கபேர் வாசுகி எழுதியது, டி.எம். கிருஷ்ணா பாடியது, எண்ணூரிலேயே படம்பிடித்தது. பொறம்போக்கு என்பது முதலில் யார் பேரிலும் பட்டா இல்லாத பொது நிலம்: ஆறு, ஏரி, மேய்ச்சல் தரை. அது நாளடைவில் வசவாகிவிட்டது. வசவாகிப்போன சொல்லைத் திருப்பி எடுத்து அதன் பழைய பொருளில் நிறுத்தியதுதான் அந்தப் பாட்டின் சாமர்த்தியம். சென்னைத் தமிழைக் கர்நாடக ராகங்களில் வைத்ததால், சபா பக்கம் இருப்பவர்களும் எண்ணூர் என்று ஒரு ஊர் இருப்பதைக் கேட்டார்கள்.

2015இல் சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசத்தைப் பற்றி ராப் பாடினார். மறு வருடம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டே சாதித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆலை 2001இலேயே மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்கள் பல வருடம் விடாமல் போராடி வைத்திருந்த இடத்தில் பாட்டு போய்ச் சேர்ந்தது. ஊர்ப் பஞ்சாயத்தும் மீனவர் சங்கமும் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு கோரிக்கையோடு ஒட்டி நின்றால்தான் உங்கள் பாட்டும் நிற்கும்.

மெட்டு: கானாவில் சினிமா மெட்டுக்குப் புது வரி போடுவது காலங்காலமாக நடக்கிறது, தெருவில் பிரச்சினை வருவது அரிது. யூடியூபில் ஏற்றினால் இசை நிறுவனம் உரிமை கோரும். வீடியோ முடங்கலாம், இல்லையென்றால் வருமானம் அவர்களுக்குப் போகும். சொந்த மெட்டு போடுங்கள். மூன்று சரணம் தாராளம். தெருவில் தொகையறாவைத் தாளமில்லாமல் ஒரு நிமிஷம் இழுத்தால்தான் கூட்டம் சேரும். ஃபோனில் பார்ப்பவர் அதே ஒரு நிமிஷத்தில் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார். அதனால் இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுகிற வடிவத்தில் தொகையறா இரண்டே வரி.

கடலோரத்தில் வாத்தியம் படுத்தும். உப்பு ஈரத்தில் பறையின் தோல் தளர்ந்து ஓசை சப்பென்று ஆகிவிடும், காகிதமோ வைக்கோலோ கொளுத்திக் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாட்டுக்கு வந்த இடத்தில் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்திப் பறை காய்ச்சாதீர்கள், வீட்டிலிருந்து வைக்கோல் கொண்டுபோங்கள். டோலக்கை மேடை ஏறுவதற்கு அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்து, தோல் காற்றுக்குப் பழகிய பிறகு இறுக்குங்கள். உறையிலிருந்து எடுத்த கையோடு இறுக்கினால் இரண்டாவது பாட்டில் சுருதி இறங்கியிருக்கும்.

இதையெல்லாம்விடப் பாட்டைக் கெடுப்பது மைக் செட் எக்கோ. வாடகைக்கு வருகிறவர் கானா என்றதும் எக்கோவைக் கூட்டிவிடுவார். கல்யாணத்துக்கு அது சரி. இங்கே ஒவ்வொரு வரியின் வாலும் அடுத்த வரியின் தலைமேல் ஏறி, "சாம்பல்" என்பது "பல் பல்" என்று கேட்கும். பாடுவதற்கு முன்பே எக்கோவைச் சுத்தமாகக் குறைக்கச் சொல்லுங்கள், டோலக் மைக்கையும் குரலைவிடக் கீழே வையுங்கள். ஸ்பீக்கர் பாடுகிறவருக்கு முன்னால், மைக்கின் பின்புறம் இருக்கட்டும். மைக் ஸ்பீக்கரைப் பார்த்தால் கத்தும். மைக்கில் ஸ்பாஞ்சு மாட்டாமல் கடற்கரையில் பாடவே வேண்டாம், காற்றடிக்கிற சத்தம்தான் பதிவாகும். பதிவுக்குக் குரலை வீட்டு அறையில், ஜன்னலை மூடி, துணி தொங்கவிட்டுத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், காசிமேட்டு ஆட்கள் ஊரில் இருப்பார்கள். வெயில் கொளுத்துவதால் மாலை 6 மணிக்கு மேல் வையுங்கள். எண்ணூர் ஆற்றுக் குப்பங்களில் சிறு படகுகள்தான் அதிகம், அவர்களுக்குத் தடைக்காலக் கணக்கு பொருந்தாது. அங்கே ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு நாள் குறியுங்கள்.

காவல் நிலையத்தில் குறைந்தது 5 நாள் முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள், ஒலிபெருக்கிக்கும் சேர்த்து. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

ஆலைப் பெயரை வரியில் வைக்கலாமா என்று யோசிப்பீர்கள். அவதூறு வழக்கில், சொன்னது உண்மை என்றும் பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். கையில் காகிதம் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த கணக்கைப் பாட்டுக்குள் திணிக்காமல், வீடியோவுக்குக் கீழே விவரமாக எழுதுங்கள். காகிதம் இல்லையென்றால் குழாயைப் பாடுங்கள், ஊருக்கு அது யாருடைய குழாய் என்று தெரியும். எந்த ஆலையின் பணத்திலும் மேடை போடாதீர்கள், பேனரில் அவர்கள் பெயர் வந்த அன்றே பாட்டு அவர்களுடையதாகிவிடும்.

கடைசிச் சரணத்தின் நாலு வரியில் இரண்டை எழுதாமல் விட்டுவைத்து, ஒவ்வொரு குப்பத்திலும் மைக்கைக் கீழே நீட்டிப் பாருங்கள். சிவன்படைக் குப்பத்தில் ஒருவர் போடுகிற வரியும் தாழங்குப்பத்தில் ஒரு அம்மா போடுகிற வரியும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு எதை எடுப்பது என்பதை அவர்களிடமே கேட்டு, சம்மதித்தால் பெயரும் போடுங்கள்.